கொடியேற்றும் கோலிக்குண்டு: தொடர்வினை இயந்திரம் செய்யத் தொடங்குவோருக்கு

ஒரு கோலிக்குண்டு உருண்டு வந்து வரிசையாக நிற்கும் கட்டைகளைச் சாய்க்கும். கடைசிக் கட்டை ஒரு கேரம் ஸ்ட்ரைக்கரைத் தள்ளிவிடும். ஸ்ட்ரைக்கர் விழும் வேகத்தில் நூல் இழுபட்டு ஓர் ஆணி உருவிக்கொள்ளும். ஆணி பிடித்து வைத்திருந்த மணல் பாட்டில் கீழே இறங்க, நூலின் மறுமுனையில் குட்டிக் கொடி ஒன்று அரை மீட்டர் உயரத்துக்கு ஏறும். கையால் இழுத்தால் ஒரு நொடி வேலை. அதை இப்படிச் சுற்றி வளைத்துச் செய்வதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் ருசி இருக்கிறது.

இவற்றை ரூப் கோல்ட்பர்க் இயந்திரங்கள் என்பார்கள். கோல்ட்பர்க் 1883இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து 1904இல் பட்டம் வாங்கி, சான் பிரான்சிஸ்கோ நகரின் தண்ணீர், கழிவுநீர்த் துறையில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, பத்திரிகையில் கேலிச்சித்திரம் போடப் போய்விட்டார். எளிய வேலையை ஏகப்பட்ட சிக்கலோடு செய்யும் கருவிகளை வரைந்தே பேர் வாங்கினார். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1949இல் பொறியியல் மாணவர்களிடையே இதற்கென்று ஒரு போட்டி தொடங்கியது. சில வருடங்களில் நின்றுபோய், 1983இல் திரும்பவும் உயிர் பெற்றது.

1931இல் அவர் வரைந்த தானியங்கித் துடைப்பான் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். ஒருவர் சூப் குடிக்கக் கரண்டியைத் தூக்குகிறார். கரண்டியில் கட்டிய கயிறு ஓர் அகப்பையை இழுக்க, அது பிஸ்கட்டைத் தூக்கி எறிகிறது. பிஸ்கட்டைப் பிடிக்கக் கிளி தாவுகிறது. கிளி உட்கார்ந்திருந்த தண்டு சாய்ந்து, தானியம் ஒரு வாளியில் கொட்டுகிறது. வாளியின் கனத்தில் கயிறு இழுபட்டு லைட்டர் பற்றிக்கொள்கிறது, ராக்கெட் கிளம்புகிறது, அதோடு கட்டிய அரிவாள் ஒரு நூலை அறுக்கிறது, ஊசல் ஆடி வாயைத் துடைக்கிறது. சரி, கரண்டியைத் தூக்கிய கையின் ஆற்றல் இதில் எவ்வளவு தூரம் போனது? பிஸ்கட் பறந்ததோடு சரி. கிளி தன் தசையின் ஆற்றலில் தாவியது. தானியம் உயரத்தில் இருந்ததால் விழுந்தது. ராக்கெட்டுக்குள் மருந்து இருந்தது. ஊசலை யாரோ ஏற்கெனவே தூக்கிக் கட்டி வைத்திருந்தார்கள்.

புதிதாகச் செய்பவர்கள் சறுக்குவது இங்கேதான். முதல் குண்டைத் தள்ளிய வேகம் கட்டம் கட்டமாகக் கைமாறிக் கடைசிவரை போய்ச் சேரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது கட்டத்தில் இயந்திரம் சோர்ந்து நின்றால், முதல் குண்டை இன்னும் வேகமாகத் தள்ளுகிறார்கள். நல்ல இயந்திரத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் சொந்தமாக ஒரு சேமிப்பு இருக்கும். முந்தைய கட்டம் அந்தச் சேமிப்பின் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டால் போதும். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் கேட்க வேண்டியவை இரண்டு: தாழ்ப்பாளைத் திறக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும், திறந்தால் எவ்வளவு வெளிவரும்?

அதைத் தெரிந்துகொள்ளப் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றே போதும். கிலோகிராமில் நிறை, மீட்டரில் உயரம், இரண்டையும் பெருக்கி 9.8ஆல் பெருக்கினால் ஜூலில் நிலை ஆற்றல் கிடைக்கும். நம் கணக்குகள் சின்னவை என்பதால் ஜூலில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிஜூலும் தேவைப்படும்.

வாங்க வேண்டியவை

கோலிக்குண்டு, கேரம் ஸ்ட்ரைக்கர், அரை லிட்டர் பாட்டில், கொஞ்சம் மணல், பருத்தி நூல், இரண்டு மூன்று காலி நூல்கண்டு உருளைகள், வழவழப்பான நீள ஆணி ஒன்று, 25 செ.மீ. உயரத்துக்கு ஓர் அட்டைப் பெட்டி. கட்டைகளுக்கு டோமினோ வாங்கலாம், அல்லது 5 செ.மீ. உயரம், 8 மி.மீ. தடிமனில் தச்சுப் பட்டறையில் அறுத்துத் தரச் சொல்லலாம். குண்டு ஓடும் பாதைக்கு எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் கேசிங் கேப்பிங் அருமையான பொருள். வயரை மூடும் மூடியைக் கழற்றிவிட்டால் நேரான வாய்க்கால் தயார். அட்டையை மடித்துப் பாதை செய்யலாம் என்று பலர் சொல்வார்கள். மழைக்கால ஈரத்தில் அது நெளிந்துவிடும் என்பதால் நான் அதன் பக்கம் போவதில்லை.

கடைசியிலிருந்து கட்டத் தொடங்குங்கள்

கோலிக்குண்டிலிருந்து தொடங்கத்தான் கை பரபரக்கும். வேண்டாம். கடைசி வேலைக்கு எவ்வளவு ஆற்றல் தேவை என்று தெரிந்தால்தான் அதற்கு முந்தைய கட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று தெரியும்.

கொடி, அதன் குச்சி எல்லாம் சேர்த்து 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதை 50 செ.மீ. தூக்க 0.245 ஜூல் வேண்டும். மறுமுனையில் தொங்கும் பாட்டிலை மணலோடு 150 கிராம் ஆக்கினால், அதே 50 செ.மீ. இறங்கும்போது 0.735 ஜூல் தரும். தேவையைப் போல மூன்று மடங்கு. இந்த மூன்று மடங்கை எல்லாக் கட்டத்துக்கும் ஒரு வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் 60 கிராம் இருந்தாலே கொடியைவிடக் கனம்தானே என்று தோன்றும். ஆனால் உருளையில் உராய்வு இருக்கிறது. நூலை உருளையில்லாமல் வெறும் கம்பிமேல் போட்டால் நிலைமை இன்னும் மோசம். நூல் கம்பியை அரைச்சுற்று அணைத்துப் போவதால், 50 கிராமை அசைக்கவே மறுமுனையில் 90 கிராமுக்கு மேல் தேவைப்படலாம். அதனால் உருளையைச் சுழலவிடுங்கள். ஆணியில் மாட்டிய காலி நூல்கண்டு தாராளமாகப் போதும்.

பாட்டிலில் மணல் போடுவதற்குக் காரணம், கூட்டிக் குறைப்பது எளிது. கொடி பாதியில் நின்றால் ஒரு பிடி சேர்க்கலாம், விருட்டென்று ஏறி மேலே முட்டினால் ஒரு பிடி எடுக்கலாம். பாட்டில் வந்து இறங்கும் இடத்தில் மடித்த துண்டு ஒன்றைப் போடுங்கள். மிச்சமான ஆற்றல் அங்கேதான் வந்து சேரும்.

இந்தக் கட்டத்தை மட்டும் தனியாகக் கட்டி, பாட்டிலைக் கையால் பிடித்து விட்டுப் பாருங்கள். கொடி சுத்தமாக ஏறும்வரை அடுத்த கட்டத்தைத் தொடாதீர்கள்.

தாழ்ப்பாள்

பாட்டிலின் கழுத்தில் ஒரு நூல் வளையம் கட்டி, அதை ஆணியில் மாட்ட வேண்டும். ஒரு மரச்சட்டத்தில் துளை போட்டு ஆணியைப் படுக்கைவாட்டில் செருகுங்கள். துளை ஆணியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். ஆணியை உருவினால் வளையம் கழன்று பாட்டில் விழும்.

150 கிராம் பாட்டில் ஆணியை ஏறக்குறைய 1.5 நியூட்டன் விசையோடு அழுத்துகிறது. வளையத்திலும் துளையிலும் உராய்வு இருப்பதால் ஆணியை உருவ அரை நியூட்டன் முதல் 1 நியூட்டன் வரை வேண்டியிருக்கும். 1 செ.மீ. தூரம் உருவ வேண்டுமென்றால் அது 5 முதல் 10 மில்லிஜூல்.

நேரடியாகக் கோலிக்குண்டையே விட்டு ஆணியை உருவினால் என்ன? 16 மி.மீ. குறுக்களவுள்ள கண்ணாடிக் குண்டு சுமார் 5.4 கிராம் இருக்கும். 10 செ.மீ. உயரத்திலிருந்து உருண்டால் 5.3 மில்லிஜூல். கிட்டத்தட்டச் சரியாக வருவதுபோல் தெரிகிறது, இல்லையா? ஆனால் உருளும் குண்டின் இயக்க ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு அதன் சுழற்சியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. மோதும்போது அந்தப் பங்கு பெரும்பாலும் பயன்படாது. மிச்சம் 3.8 மில்லிஜூல். மோதலில் சத்தமாகவும் வெப்பமாகவும் போவதைக் கழித்தால் இன்னும் குறைவு. நடுவில் வேறொன்று வேண்டும்.

ஸ்ட்ரைக்கர்

கேரம் ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கும். 20 செ.மீ. விழுந்தால் 29 மில்லிஜூல் தரும். ஆணிக்கு வேண்டியது அதிகபட்சம் 10 என்பதால் மூன்று மடங்கு வழக்கத்துக்கும் பொருந்துகிறது.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஸ்ட்ரைக்கரை ஆணியின் நூலில் சும்மா தொங்கவிட்டால் ஆணி நகராது. 15 கிராமின் எடை 0.15 நியூட்டன்தான், நமக்கு வேண்டியதோ அரை நியூட்டனுக்கு மேல். விழுந்து வேகம் எடுத்த பிறகு நூல் விறைத்தால், அந்த வெட்டி இழுப்பில்தான் ஆணி உருவும். ஆகவே நூலைத் தொய்வாக விடுங்கள். 18 செ.மீ. அளவுக்குச் சும்மா விழுந்து, அப்புறம் நூல் இறுக வேண்டும். நைலான் நூலோ எலாஸ்டிக்கோ வேண்டாம். அவை நீண்டு கொடுத்து இழுப்பை மழுங்கடித்துவிடும். பருத்தி நூலே நல்லது.

ஸ்ட்ரைக்கர் நேர்கீழே விழுகிறது, ஆணியோ படுக்கைவாட்டில் உருவ வேண்டும். நூல் திரும்பும் இடத்தில் இன்னோர் உருளை வையுங்கள். ஸ்ட்ரைக்கரில் துளை கிடையாது என்பதால் நூலை அதன் மேற்பரப்பில் டேப் போட்டு ஒட்டுங்கள், அடிப்பக்கத்தில் ஒட்டினால் வழுக்காது. அட்டைப் பெட்டியின் விளிம்பில், பாதிக்குச் சற்றுக் குறைவாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி அதை வைத்து, கீழே கேரம் பவுடர் ஒரு சிட்டிகை தூவுங்கள். இனி அதை நாலைந்து மி.மீ. தள்ளினாலே விழுந்துவிடும். தள்ளுவதற்கு ஏறக்குறைய 0.2 மில்லிஜூல் ஆகும்.

கட்டைகள்

இந்த இயந்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான், ஏனென்றால் தாழ்ப்பாளும் சேமிப்பும் ஒரே பொருளுக்குள் இருக்கின்றன. 5 செ.மீ. உயரம், 8 மி.மீ. தடிமன், 8 கிராம் நிறை உள்ள ஒரு கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சாய்க்க, அதன் நிறை மையத்தை ஒரு விளிம்பின்மேல் ஏற்றிவிட வேண்டும். அந்த ஏற்றம் மூன்றில் ஒரு மி.மீ.கூட இல்லை. செலவு 0.025 மில்லிஜூல். முழுதாகப் படுத்தால் மையம் 21 மி.மீ. இறங்குகிறது. வரவு 1.6 மில்லிஜூலுக்கு மேல். செலவைப்போல 65 மடங்கு!

கட்டை வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் சோர்வதில்லை என்பதற்கு இதுவே காரணம். ஒவ்வொரு கட்டையும் தன் பங்கைப் போட்டுக்கொண்டே போகிறது. முதல் கட்டையை மெல்லத் தொட்டாலும் பலமாகத் தட்டினாலும், சில கட்டைகள் தாண்டியதும் சாயும் வேகம் ஒரே அளவுக்கு வந்துவிடும். பெட்டியின் மேல் 15 கட்டைகளை, 2 செ.மீ. இடைவெளியில் நிறுத்துங்கள். கடைசிக் கட்டை சாயும்போது அதன் மேல்முனை ஸ்ட்ரைக்கரின் பக்கவாட்டில் படும்படி தூரத்தைச் சரிசெய்யுங்கள். ஸ்ட்ரைக்கரின் மேல் போய் விழுந்து அதை அமுக்கிவிட்டால் காரியம் கெட்டது.

கட்டைகளை நிறுத்தும்போது நடுவில் இரண்டு மூன்றை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். கை பட்டுச் சரிந்தாலும் பாதி வரிசை தப்பும். எல்லாம் தயாரான பிறகு அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளலாம். இன்னொன்று: மின்விசிறியை அணைத்துவிடுங்கள். வேர்க்கும், பரவாயில்லை.

கோலிக்குண்டு

முதல் கட்டையைச் சாய்க்க 0.025 மில்லிஜூல் போதும் என்று பார்த்தோம். 10 செ.மீ. சரிவிலிருந்து வரும் குண்டு அதைப்போல 200 மடங்கு கொண்டுவரும். கட்டை சாயாது, பறக்கும். பறந்து பக்கத்து வரிசையைக் கலைக்கும். ஆற்றல் குறைவதைப்போலவே கூடுவதும் கோளாறுதான். 60 செ.மீ. கேசிங்கை எடுத்து ஒரு முனையை 3 செ.மீ. மட்டும் உயர்த்துங்கள். 1.6 மில்லிஜூல் வரும், அதுவே தாராளம். கேசிங்கின் ஓரம் எதிலாவது தட்டுப்பட்டு நின்றால் குண்டு துள்ளும், ஆகவே முனைகளை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரின் ரசமட்டம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் செல்போனிலேயே அந்த வசதி உண்டு.

ஓடவிட்டுப் பார்ப்பது

கட்டங்களைச் சேர்ப்பதும் பின்னாலிருந்துதான். ஸ்ட்ரைக்கரைக் கையால் தள்ளி, கொடி ஏறுகிறதா பாருங்கள். அது சரியென்றால் கடைசி ஐந்து கட்டைகளைச் சேருங்கள். பிறகு முழு வரிசை, அதற்குப் பிறகு குண்டு.

ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் பத்து முறை ஓட்டிப் பாருங்கள். பத்தில் ஒன்பது முறை வேலை செய்தால் நல்ல கட்டம் என்று தோன்றும். அப்படி நான்கு கட்டங்களைக் கோத்தால் முழு இயந்திரமும் ஓடிமுடிக்கும் வாய்ப்பு 66 சதவீதம்தான். ஒவ்வொன்றும் 95 சதவீதம் நம்பகமான 20 கட்டங்களைக் கோத்தால் 36 சதவீதம். அதையே ஒவ்வொன்றும் 99 சதவீதம் ஆக்கினால் 82க்கு ஏறுகிறது. புதுக் கட்டம் சேர்க்கத் துடிக்கும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கிற கட்டத்தைத் திருத்துவதில்தான் லாபம் அதிகம்.

எங்கே தவறுகிறது என்று கண்ணால் பிடிப்பது கஷ்டம். செல்போனில் ஸ்லோமோஷன் வைத்து எடுங்கள். ஆணி பாதி உருவி நிற்பது, ஸ்ட்ரைக்கர் விழும்போது புரண்டு நூலைச் சுற்றிக்கொள்வது எல்லாம் அதில் பளிச்சென்று தெரியும். ஆணி பாதியில் நின்றால் ஸ்ட்ரைக்கர் விழும் உயரத்தைக் கூட்டுவதற்கு முன்னால் ஆணியைத் துடைத்து, கொஞ்சம் மெழுகு தடவிப் பாருங்கள். செலவைக் குறைப்பது வரவைக் கூட்டுவதைவிட எளிது. மேஜை ஆடினால் அந்த ஆட்டமும் ஆற்றலைத் தின்னும். கால் அடியில் மடித்த காகிதம் வையுங்கள்.

ஒருமுறை ஓடிமுடித்ததும் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி வைக்க வேண்டும். இயந்திரம் செலவழித்த ஆற்றல் முழுவதும் உங்கள் கை போட்ட முதல்தான். பாட்டில், ஸ்ட்ரைக்கர், கட்டைகள், குண்டு எல்லாம் சேர்ந்தால் 0.8 ஜூலுக்குப் பக்கம் வரும். ஒரு சின்ன பிஸ்கட்டில் இருக்கும் 20 கிலோகலோரி என்பது 80,000 ஜூலுக்கு மேல். ஆற்றலுக்குப் பஞ்சம் கிடையாது, பொறுமைக்குத்தான். திரும்ப ஏற்றும்போது பாட்டில், ஆணி, ஸ்ட்ரைக்கர், கட்டை என்ற வரிசையில் போய், குண்டைக் கடைசியாக வையுங்கள். அதுவரை அது சட்டைப் பையில் இருக்கட்டும்.

அடுத்து என்ன சேர்க்கலாம்

உயரத்தைத் தவிர வேறு சேமிப்புகளும் உண்டு. ஐஸ் குச்சிகளை வளைத்துப் பாய்போல ஒன்றுக்குள் ஒன்று பின்னினால், ஒரு முனையை விடுவித்ததும் வரிசையாகத் தெறித்துக்கொண்டே போகும். வளைந்த மரத்தின் மீட்சி ஆற்றல் அது. எலிப்பொறி சின்னத் தொடுகைக்குப் பெரிய அடி தரும், ஆனால் விரலுக்கும் அதே அடிதான். சிறுவர்கள் இருக்கும் இடத்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள். நெருப்பும் வேண்டாம். ஒரு டம்ளரில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்து, நிறைந்ததும் கவிழும்படி செய்தால், பார்ப்பவர்களைக் காக்கவைக்கும் கட்டம் ஒன்று கிடைக்கும். நடுவில் அப்படி ஒரு நிதானம் இருந்தால் கடைசியில் கொடி ஏறும்போது கைதட்டல் கூடும்.

குண்டு ஒரு வட்ட வளையத்தைச் சுற்றி வர வேண்டும் என்று பலருக்கும் ஆசை. உருளும் குண்டு விழாமல் சுற்ற, வளையத்தின் ஆரத்தைப்போல 2.7 மடங்கு உயரத்திலிருந்து அது கிளம்ப வேண்டும். 10 செ.மீ. ஆரமென்றால் 27 செ.மீ. இது உராய்வே இல்லாத கணக்கு. வீட்டில் 35 செ.மீ. வைத்துத் தொடங்குங்கள். குண்டைக் கொண்டு வேறொரு குண்டை அடிப்பதாக இருந்தால் இரண்டும் சம நிறையாக இருப்பது நல்லது. அடிபடுவது மூன்று மடங்கு கனமென்றால் மிகச் சிறந்த மோதலிலும் 75 சதவீத ஆற்றல்தான் கைமாறும், பத்து மடங்கென்றால் 33.

கட்டைகளிலேயே இன்னும் விளையாட ஆசையென்றால் அடுத்தடுத்த கட்டையை ஒன்றரை மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். லார்ன் ஒயிட்ஹெட் என்ற இயற்பியலாளர் 1983இல் 13 கட்டைகளை இப்படி வைத்துக் காட்டினார். முதல் கட்டை ஒரு செ.மீ.கூட இல்லை, கடைசிக் கட்டை 61 செ.மீ. ஒவ்வொரு அளவும் ஒன்றரை மடங்கானால் நிறை 3.4 மடங்காகும், உயரமும் சேர்ந்து ஆற்றல் 5 மடங்காகும். நம் 5 செ.மீ. கட்டையிலிருந்து தொடங்கினால் ஆறாவது 38 செ.மீ. உயரமும் மூன்றரை கிலோவும் இருக்கும். ஏழாவது 57 செ.மீ., 12 கிலோ. எட்டாவது 85 செ.மீ., 40 கிலோ. வீட்டில் ஆறோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கீழே பழைய மெத்தை ஒன்றும் இருக்கட்டும்.